கூதிரும் கணப்பும்

ஐப்பசித் திங்கள் பிறந்து வானம் கருக்கத் தொடங்கும் வேளையில் எம் வகுப்பறையில் ‘நெடுநல்வாடை’ தொடங்குவது வழக்கம். பாடத்திட்டம் வகுத்த சான்றோர் பருவம் பார்த்து வகுத்தனரோ, தற்செயலாக அமைந்ததோ அறியோம். சன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, உள்ளே நக்கீரரின் கூதிர்க்காலத்தை நடத்துவது ஆசிரியர்க்கு ஒரு பெரும்பேறு.

ஆண்டுதோறும் ஒரு மாணவரேனும் எழுந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, பாண்டிய நாட்டில் வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தார்கள் என்பதை எப்படி நம்புவது? இங்கே மின்விசிறியை நிறுத்தினாலே வியர்க்கிறதே!” வகுப்பு முழுவதும் நகைக்கும். பேகன் மயிலுக்குப் போர்வை தந்த வரலாற்றைச் சொன்னாலோ, நகைப்பு இன்னும் பெருகும். “மயிலுக்குக் குளிருமா ஐயா?” என்பது அடுத்த கேள்வி.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று இலக்கணம் கூறி, பிரிவுத் துயரை மிகுவிக்கவே புலவர் குளிரை மிகுத்துப் பாடினார் என்று விடையிறுத்துவிட்டு நாமும் அடுத்த அடிக்குச் சென்றுவிடுவோம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவ்விடையையே சொல்லி வந்தோம். அது போதாத விடை என்று 2024ஆம் ஆண்டில் எமக்கு உணர்த்தியவர், தமிழிலக்கியம் எதையும் ஏட்டில் பயிலாத எம் உம்மா. அந்த வரலாற்றை எழுதும் வாய்ப்பை இம்மலர் தந்தமைக்கு நன்றியுடையோம்.

எம் ஊரின் குளிர்

நோணாங்குப்பம், புதுவையிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் அரியாங்குப்பத்தை அடுத்துள்ள ஊர். செஞ்சியாறு என்றும் சங்கராபரணி என்றும் பெயர் பெற்று வரும் ஆறு, கடலை அணுகும்போது சுண்ணாம்பாறு என்ற பெயரோடு எம் ஊரைத் தொட்டுச் செல்கிறது. சுற்றுலா வருவோர் படகுக் குழாமையும் ஆற்றுக்கு அப்பாலுள்ள மணற்கரையையும் அறிவர். உப்பங்கழியின் ஈரக்காற்றை அறிந்தோர் ஊரார் மட்டுமே.

இவ்வூரில் குளிரென்று சொல்லத்தக்கது ஆண்டில் ஏறத்தாழ மூன்று திங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்கும். ஆண்டு மழையில் பெரும்பகுதி டிசம்பருக்குள் பெய்துவிடும். மார்கழி விடியலிலும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மேலைநாட்டார் இதனை இளவேனில் என்பர். ஆயினும் வெப்பத்திற்குப் பழகிய உடலும் நனைந்த சுவரும் ஈரக்காற்றும் ஒன்றுகூடும்போது அதுவும் குளிரே.

குளிர்காலம் எந்நாளில் தொடங்குகிறது என்பதை எம் இளமையில் வீட்டில் முடிவு செய்தவர் உம்மாவே. அவர் நாட்காட்டியைப் பார்த்ததில்லை, வாப்பாவைப் பார்த்தார். வாப்பாவுக்கு இழுப்பு நோய் இருந்தது. ஐப்பசியின் ஏதோ ஓர் இரவில் அவருடைய இருமல் ஒரு சுரம் மாறி ஒலிக்கும். எங்கள் செவிக்கு அது எட்டாது. உம்மா எழுந்து மின்விசிறியை நிறுத்துவார். மறுநாள் தகரப் பெட்டியிலிருந்து கம்பளி வெளியே வரும். அந்திக்கு மேல் மண்சட்டியில் கரியைக் கனலவிட்டுச் சாம்பிராணி தூவி, அச்சட்டியை வாப்பாவின் கட்டிலருகே வைப்பார். மணத்திற்காகச் செய்கிறார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். வெம்மைக்காகச் செய்தார் என்பது வெகுகாலம் கழித்தே விளங்கிற்று.

“குளிருகிறதா?” என்று உம்மா ஒருநாளும் வாப்பாவைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வாப்பா “இல்லை” என்றுதான் சொல்லியிருப்பார்.

வாப்பா மறைந்தபின் எம் வீட்டில் மின்விசிறி மார்கழியிலும் சுழன்றது. கம்பளிப் பெட்டி பரணேறியது. உம்மாவின் இருமலை உற்றுக் கேட்கும் பொறுப்பு எவரிடம் வந்தது? எவரிடமும் வரவில்லை. இக்கேள்வியை நாம் அப்போது கேட்டுக்கொள்ளவும் இல்லை.

நக்கீரர் காட்டும் வீடு

நெடுநல்வாடை 188 அடிகளால் ஆன பாட்டு. பத்துப்பாட்டுள் ஒன்று. பாண்டியன் நெடுஞ்செழியனை நக்கீரர் பாடியதென்பது மரபு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்குரிய திங்கள்கள் என்பது இலக்கண நூலார் கொள்கை. அக்காலத்தே ஊரும் வீடும் எவ்வாறு மாறின என்பதை வேறெப்புலவரும் இத்துணை நுட்பமாகக் காட்டவில்லை என்பது எம் கருத்து.

முதலில் வெளியே தொடங்குகிறார். வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலம் பெயர்ந்த கோவலர், கொள்ளியிற் காய்ந்த கைகளைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நடுங்குகின்றனர். குரங்குகள் கூனிக் குறுகுகின்றன. பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. பாலுண்ண வரும் கன்றைப் பசு உதைக்கிறது. பிறகு ஊருக்குள் நுழைகிறார். கோடையில் தென்றலை வரவேற்ற மேன்மாடச் சன்னல்கள் திறவாது கிடக்கின்றன. கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. அழகிய வட்ட விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டு, அவற்றின்மீது சிலந்தி நூல் இழைத்திருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல்லுக்கு வேலையில்லை. குறுகிய வாயையுடைய கலத்திலுள்ள தண்ணீரை எவரும் பருகவில்லை. அகன்ற வாயையுடைய தடவில் செந்நெருப்பு கனல்கிறது. அதனைச் சூழ்ந்து மாந்தர் வெம்மை கொள்கின்றனர்.

தடவு என்பது நெருப்பிடும் கலம். பிற்காலத்தார் கும்மட்டிச் சட்டி என்றதும் அதுவே. எம் உம்மா வைத்த மண்சட்டி அதன் எளிய உறவு. குளிர்காய்தல், தீக்காய்தல், கணப்பு என நம் மொழியில் இத்தனை சொற்கள் இருப்பதே இந்நாட்டார் வீட்டை வெம்மைப்படுத்தி வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று. அரசரோடு எவ்வாறு பழகவேண்டும் என்பதற்குத் தீக்காய்வாரை உவமையாக்கினார் வள்ளுவர் (குறள் 691). நெருப்பருகே அமர்ந்து பழகிய மக்களுக்கன்றி அவ்வுவமை விளங்காது.

இவையெல்லாம் நாம் வகுப்பில் சொல்வனவே. சொல்லிவிட்டு வீடு வந்து மின்விசிறியின்கீழ் உறங்கிவிடுவோம்.

அக்டோபர் பதினைந்து

புதுவைக்கும் பிரான்சு நாட்டிற்கும் உள்ள தொடர்பு வாசகர் அறிந்ததே. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி நிறைவுற்றபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்தம் வழியினர் பலர் இன்று பாரிசைச் சூழ்ந்த புறநகர்களில் வாழ்கின்றனர். அத்தகைய குடும்பமொன்றில் எம் தங்கை வாழ்க்கைப்பட்டார். 2024 ஆகஸ்டில் அவருக்கு மகப்பேறு. பேறுகாலத் துணையாக உம்மா சென்றிருந்தார். அவரை அழைத்துவர விடுப்பெடுத்துக்கொண்டு செப்டம்பர் இறுதியில் நாம் சென்றோம்.

தங்கையின் வீடு, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் தளம். ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்குக் கீழே கனத்த இரும்பு வரிக்குழாய்கள் இருந்தன. ‘ஷொஃபாஜ்’ என்று தங்கை அதனைக் குறிப்பிட்டார். கட்டடம் முழுமைக்கும் ஒரே கொதிகலன். அங்கே சூடேறும் நீர் குழாய்வழியே வீடுதோறும் சென்று, அறையை வெதுவெதுப்பாக்கித் திரும்புகிறது. நாம் தொட்டுப் பார்த்தபோது இரும்பு சில்லென்றிருந்தது.

“எப்போது சூடாகும்?” என்றோம்.

“பதினைந்தாம் தேதி காக்கா. அதற்கு முன்னே திறக்க மாட்டார்கள்” என்றார் தங்கை.

அந்நாட்டுப் பொதுக் கொதிகலன் கட்டடங்களில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வெப்பம் தருவது நெடுநாள் வழக்கமாம். அது சட்டமன்று. உரிமையாளர் கூடி நாளை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முன்னே திறந்தால் செலவு கூடும். மாடியில் வெயில் படும் வீட்டார் வேண்டாம் என்பர். நிழற்பக்கத்து வீட்டார் வேண்டும் என்பர். 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் எரிவாயு, மின்சார விலைகள் ஏறியதிலிருந்து இந்த வழக்கு ஒவ்வொரு வீட்டிலும் கூர்மை பெற்றுவிட்டது. வீட்டறைகளைச் சராசரி 19 பாகைக்கு மேல் வெப்பப்படுத்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்த காலத்தில் தோன்றிய கட்டுப்பாடு அது.

உலகம் இக்கேள்வியை எவ்வாறு தீர்க்கிறது என்று பிறகு தேடிப் படித்தோம். இரசியாவில் தொடர்ந்து ஐந்து நாள் சராசரி வெப்பம் 8 பாகைக்குக் கீழ் இருந்தால் பொது வெப்பமூட்டலைத் தொடங்குகின்றனர். சீனத் தலைநகரில் நவம்பர் 15ஆம் நாள். சீன நாட்டில் இன்னொரு விந்தையும் உண்டு. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே உள்ள நகரங்களுக்குப் பொது வெப்பமூட்டல் உண்டு. தெற்கே உள்ளோர்க்கு இல்லை என்று 1950களில் ஒரு கோடு வகுத்தனர். ஆற்றின் இக்கரையில் இருப்போர்க்கு அக்கரையினும் குளிர் குறைவோ என்று எவரும் கேட்கலாம்.

நாளும் பாகையும் கோடும் இன்றி ஓர் அரசோ கட்டடமோ இயங்க முடியாது. அதனைக் குறைசொல்லவில்லை. ஆனால் நாட்காட்டிக்கு இருமல் கேட்காது.

“இல்லை தம்பி”

அக்டோபர் முதல் வாரத்தில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்தன. தங்கையின் வீட்டில் சக்கரம் பூட்டிய மின் வெப்பமூட்டி ஒன்று இருந்தது. பச்சிளங்குழந்தை உறங்கும் அறையில் அதனை வைத்திருந்தனர். அது முறைதான். எமக்கும் மச்சானுக்கும் தடித்த போர்வைகள் கிடைத்தன. உம்மா கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார். “எனக்கு விடியலில் எழவேண்டும். குழந்தையின் உறக்கம் கெடும்” என்று அவரே கேட்டுப் பெற்ற இடம் அது.

நாள்தோறும் இரவு படுக்கப் போகுமுன் “உம்மா, குளிருகிறதா?” என்று கேட்டோம். கேட்கத் தவறியதில்லை. “இல்லை தம்பி, நல்லாத்தான் இருக்கு” என்பது நாள்தோறும் கிடைத்த விடை. கேட்டுவிட்டோம் என்ற நிறைவோடு உறங்கினோம்.

ஒருநாள் சுபுஹு வேளைக்கு முன் விழிப்புத் தட்டியது. சமையலறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தோம். உம்மா ஒளுச் செய்து முடித்திருந்தார். புடவைத் தலைப்பைத் தலைசுற்றிப் போர்த்து, அதன்மேல் குழந்தையின் துவாலையையும் போர்த்தியிருந்தார். அடுப்பில் தேநீர் கொதித்து இறங்கியிருந்தது. அடுப்பை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, சூடான குவளையை இரு கையாலும் பற்றி, பின்னர் அக்கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மீண்டும் குவளை, மீண்டும் கன்னம்.

கையிற் கொண்ட வெம்மையைக் கன்னத்தில் ஒற்றும் கோவலரை எத்தனை ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று விளக்கியிருக்கிறோம்! அந்தக் காட்சி எம் கண்முன் அமர்ந்திருந்தது. கோவலரைக் கண்டவுடன் இனங்கண்டுகொண்ட எமக்கு, பெற்ற தாய் ஒரு வாரமாகக் குளிரில் இருந்தது தெரியவில்லை.

அருகே சென்று கால்களைத் தொட்டோம். இரும்புக் குழாயைப் போல் சில்லிட்டிருந்தன. ஒளுவுக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்கவில்லையா என்று கேட்டதற்குச் சற்றுநேரம் மௌனம் சாதித்தார். “கரண்டு பில்லைப் பத்தி அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. நான் வேற எதுக்குச் செலவு வைக்கணும்? ஊருக்குப் போனா குளிரா இருக்கப்போவுது?” என்றார். மார்க்கம் தந்த சலுகையும் நினைவுக்கு வந்தது. கடுங்குளிரில் தண்ணீர் உடலுக்குத் தீங்கு செய்யுமெனில் தயம்மும் செய்துகொள்ள இடமுண்டு. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் ஒரு குளிர் இரவில் அவ்வாறு தொழுவித்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை என்பது நூல்களிற் காணும் செய்தி. படைத்தவன் தந்த சலுகையைக்கூட எடுத்துக்கொள்ளாதவர், பிள்ளைகளிடம் எதைக் கேட்கப்போகிறார்?

தங்கை எழுந்து வந்து கண்டபோது அழுதுவிட்டார். அவர்மீது குற்றமில்லை. குழந்தை அழுது கேட்டது, அதற்குக் கிடைத்தது. உம்மா கேட்கவில்லை. அன்று இரவே குழந்தையின் தொட்டிலையும் உம்மாவின் மெத்தையையும் ஒரே அறையில் இட்டு, வெப்பமூட்டியை நடுவில் வைத்தோம். விடியலில் உம்மா எழுவதால் குழந்தையின் உறக்கம் கெடவும் இல்லை.

முதியோர் “இல்லை” என்பது பெருந்தன்மை மட்டுமன்று என்பதைப் பின்னர் மருத்துவ நண்பர் ஒருவர் விளக்கினார். முதுமையில் தசை குறைவதால் உடல் உண்டாக்கும் வெப்பம் குறைகிறது. தோலின் குருதி நாளங்கள் சுருங்கி வெப்பத்தைக் காக்கும் திறனும் தளர்கிறது. நடுக்கம் எழுவதும் தாமதமாகிறது. இவற்றினும் கொடியது, குளிரை உணரும் உணர்வே மழுங்கிவிடுவது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்கினால் உயிருக்கே இடர். அந்நிலையிலும் சிலர் குளிரவில்லை என்றே சொல்வராம். குளிர்ந்த நாடுகளின் வீடுகளில் 18 பாகையேனும் இருத்தல் வேண்டும், முதியோரும் குழந்தைகளும் நோயாளரும் உள்ள வீடுகளில் அதனினும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியது. எனவே “குளிருகிறதா?” என்ற கேள்வி, அதற்கு விடை சொல்ல இயலாதவரிடமே கேட்கப்படுகிறது.

பதினைந்தாம் நாளும் வந்தது. காலையில் குழாய்களுக்குள் நீர் முனகும் ஓசை கேட்டது. நண்பகலில் இரும்பு வெதுவெதுத்தது. உம்மா அதன்மேல் கையை வைத்து, “வந்துடுச்சா” என்றார். விருந்தாளியை வரவேற்பது போலிருந்தது.

நோணாங்குப்பத்தில் ஒரு கணப்பு

அக்டோபர் இறுதியில் ஊர் திரும்பினோம். புதுவையின் புழுக்கம் எங்களை வரவேற்றது. இனிக் குளிரென்ற பேச்சே இல்லை என்று எண்ணினோம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடந்த புயல் நகர்ந்து போயிருக்கலாம்; நகராமல் நின்று பெய்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை. மின்சாரம் போயிற்று. 2011 டிசம்பரில் ‘தானே’ புயலைக் கண்டவர்கள் நாங்கள். அது காற்றால் அடித்தது, இது நீரால் மூழ்கடித்தது. தெருவில் முழங்கால் அளவு நீர். எங்கள் ஓட்டு வீட்டின் பின்கட்டு ஒழுகியது. வெப்பமானி பார்த்திருந்தால் 20 பாகைக்கு மேல்தான் காட்டியிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்திருந்தால், குளிரே இல்லை.

உம்மா முன்னறையில் கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார். இம்முறை நாம் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு அருகே சென்று கால்களைத் தொட்டுப் பார்த்தோம். சில்லிட்டிருந்தன. பின்கட்டிலிருந்து பாத்திரங்களை எடுத்து வரும்போது புடவை நனைந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளாமல் அமர்ந்திருக்கிறார். நனைந்த துணி உடலின் வெம்மையை உலர்ந்த துணியைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக உறிஞ்சிவிடும். எம் மனைவியார் அவருக்கு உலர்ந்த உடை மாற்றினார். நாம் பரணேறிக் கம்பளியை எடுத்தோம். சாம்பிராணிக்கு வைத்திருந்த கரியைச் சமையலறையில் மூட்டி, புகை அடங்கிக் கங்கு சிவந்தபின் அதே மண்சட்டியில் அள்ளிக் கட்டிலருகே வைத்தோம்.

ஒன்றைச் சொல்லவேண்டும். கரி நெருப்பு, மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றை வெளிவிடும். மலையூர்களில் அறையைப் பூட்டிக்கொண்டு கரியடுப்புடன் உறங்கியோர் விடியலில் எழாமற்போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே காற்று வீசாத பக்கத்துச் சன்னலைத் திறந்து வைத்தோம். உறங்குமுன் கங்கை வெளியே எடுத்து அவித்தோம். நெருப்பை அகலாமலும் அணுகாமலும் இருக்கவேண்டியது அரசவையில் மட்டுமன்று.

உம்மாவின் கைகள் சட்டியின்மேல் நீண்டன. சற்று நேரத்தில் முகத்தில் தெளிவு வந்தது. வாப்பாவின் கட்டிலருகே அவர் வைத்த சட்டியை நாங்கள் இருவருமே நினைத்துக்கொண்டோம் என்று நம்புகிறோம், இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னது ஒன்றே: “தெருக்கோடியிலே அந்தக் கிழவி தனியா இருக்காளே, போய்ப் பாரு தம்பி.”

தெருக்கோடியில் மீனவர் குலத்து மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்கிறார். பிள்ளைகள் வெளியூரில். உம்மாவுக்கு நெடுநாள் தோழி. குடையை எடுத்துக்கொண்டு நீரில் நடந்து சென்று கதவைத் தட்டினோம். அவரும் நனைந்துதான் அமர்ந்திருந்தார். “எனக்கு என்னாப்பா, ஒண்ணும் இல்ல” என்றார். அந்தச் சொல்லின் பொருள் இப்போது எமக்குத் தெரியும். வாதிடாமல் அழைத்து வந்தோம். அன்றிரவு ஒரே சட்டியைச் சுற்றி இரு மூதாட்டியரும் அமர்ந்து, தம் இளமையில் கண்ட புயல்களின் பெயரில்லாக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தனர்.

மன்னன் சென்ற வழி

நெடுநல்வாடையின் இறுதிப் பகுதி அரண்மனையில் நிகழ்வதன்று, பாசறையில் நிகழ்வது. நள்ளிரவு. வாடை வீசுகிறது. விளக்குச் சுடர்கள் காற்றில் சாய்கின்றன. சேணம் களையாத குதிரைகள் தம்மேல் விழும் மழைத்துளியை உதறுகின்றன. அவ்வேளையில் மன்னன் உறங்காமல், நழுவும் மேலாடையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, சிலரோடு புறப்படுகிறான். முன்னே செல்பவன் ஒருவன் புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்ட, மன்னன் பார்த்துக்கொண்டே செல்கிறான்.

பாசறைக்குள் இருந்தபடியே “எல்லாரும் நலமா?” என்று ஏவலரை அனுப்பிக் கேட்டிருக்கலாம். “நலமே வேந்தே” என்று விடையும் வந்திருக்கும். அவன் கேட்டனுப்பவில்லை, எழுந்து போய்ப் பார்த்தான். பேகனும் மயிலைக் கேட்கவில்லை. மயில் எதைச் சொல்லும்? கண்டான், போர்த்தினான். கொடைமடம் என்று புலவர் சொன்னார்கள். மடமைதான். ஆனால் மயிலின் விடைக்குக் காத்திருப்பது அதனினும் பெரிய மடமை என்பதை இப்போது உணர்கிறோம்.

நம் திருமறையின் 16ஆம் அத்தியாயமாகிய ‘அந்நஹ்ல்’ கால்நடைகளின் பயன்களைச் சொல்லத் தொடங்கும்போது, உணவுக்கும் முன்னே அவற்றால் கிடைக்கும் கதகதப்பைக் குறிப்பிடுகிறது. பாலைநிலத்து மக்களுக்கு அருளப்பட்ட மறையில் வெம்மை முதற்கொடையாக இடம்பெறுவதை நாம் முன்பெல்லாம் கவனித்ததில்லை.

இவ்வாண்டும் ஐப்பசி வந்தது. வகுப்பில் அதே கேள்வியும் வந்தது. “இந்த ஊரில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வார்களா ஐயா?” இம்முறை இலக்கணம் சொல்லவில்லை. “இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவருடைய காலைத் தொட்டுப் பாருங்கள். நாளை வந்து எனக்குச் சொல்லுங்கள்” என்றோம். சிலர் நகைத்தனர்.

மறுநாள் மூன்றாம் வரிசையில் அமரும் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றார். “பாட்டி காலைத் தொட்டேன் ஐயா. சில்லுன்னு இருந்தது. விசிறியை நிறுத்திட்டேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எமக்கும் வேறொன்று தேவைப்படவில்லை.